எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது

ராக் இசை ரசிகர்களில் ஒரு வகை உண்டு. நீங்கள் பீட்டில்ஸ் என்று வாயைத் திறந்தால் போதும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, ஜாம்பீஸ் கேட்டிருக்கீங்களா?" என்பார்கள். இல்லை என்று சொன்னால் முகத்தில் அப்படி ஒரு பரவசம். கேட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டால் முகம் தொங்கிப் போகும். 1968-ல் வந்த 'ஒடிஸி அண்ட் ஆரக்கிள்' இப்படித்தான், யாருக்கும் தெரியாது என்று எல்லோருக்கும் தெரிந்த ஆல்பம் ஆகிவிட்டது. நானும் அந்தக் கட்சியில் சேர்ந்து பல வருஷமாகிறது. ஆகவே நீங்கள் கேட்டதில்லை என்றே வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். என் சந்தோஷத்தைக் கெடுக்காதீர்கள்.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் என்று ஓர் ஊர். ரோமானியர் காலத்து இடிபாடும் பெரிய தேவாலயமும் உள்ள அடக்கமான ஊர். 1960-களின் தொடக்கத்தில் அங்கே பள்ளிக்கூடப் பையன்கள் சிலர் கோஷ்டி சேர்ந்தார்கள். கோஷ்டிக்குப் பெயர் வேண்டுமே. அப்போது பேஸ் கிடார் வாசித்த பையன் 'ஜாம்பீஸ்' என்றான். நடமாடும் பிணங்கள். பெயர் வைத்த கையோடு அவன் கோஷ்டியை விட்டு டாக்டருக்குப் படிக்கப் போய்விட்டான், தொழில் தர்மம் தெரிந்த பிள்ளை. மற்றவர்களுக்குப் பெயர் பிடித்துப் போனதற்குக் காரணம் ஒன்றுதான்: வேறு எவனும் இந்தப் பெயரை வைத்துக்கொள்ள மாட்டான். இந்த நம்பிக்கையைக் கொஞ்சம் ஓரமாக எடுத்து வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

கடைசியில் அமைந்த ஐவர் அணி இது: கீபோர்டில் ராட் ஆர்ஜென்ட், பாட்டுக்குக் காலின் பிளன்ஸ்டோன், கிடாரில் பால் அட்கின்சன், பேஸில் கிறிஸ் ஒயிட், டிரம்ஸில் ஹ்யூ கிரண்டி. புகைப்படத்தில் பார்த்தால் ராக் கோஷ்டி மாதிரி இருக்காது, கணக்கு வாத்தியாரிடம் நல்ல பெயர் வாங்கிய முதல் பெஞ்ச் மாதிரி இருக்கும். 1964-ல் 'ஷீ இஸ் நாட் தேர்' அமெரிக்காவில் இரண்டாம் இடம் வரை போயிற்று. அடுத்த வருஷம் 'டெல் ஹெர் நோ' ஆறாவது இடம். அதோடு சரி. அதன்பின் விட்ட பாட்டெல்லாம் நனைந்த பட்டாசு. உள்ளூரில் யாரும் சீந்தாத நிலையில் 1967-ல் பிலிப்பைன்ஸ் போய் இறங்கினால் விமான நிலையம் கொள்ளாத கூட்டம்! மணிலாவின் அரானெட்டா அரங்கில் ஆயிரக்கணக்கானவர் திரண்டு கத்தினார்கள். தாங்கள் அங்கே சூப்பர் ஸ்டார்கள் என்ற விஷயத்தை மட்டும் அதுவரை யாரும் இவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. கைக்கு வந்த கூலி சொற்பம். இதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றிச் சொன்னால் எனக்கே அழுகை வரும்.

ஊர் திரும்பியவர்கள், போவதுதான் போகிறோம், ஒரு நல்ல ஆல்பம் போட்டுவிட்டுப் போவோம் என்று முடிவெடுத்தார்கள். சிபிஎஸ் கம்பெனி கொடுத்த பணம் ஆயிரம் பவுண்டு. 1967 ஜூனில் அபே ரோடு ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது, பீட்டில்ஸ் 'சார்ஜென்ட் பெப்பர்' வேலையை முடித்துக் கிளம்பிச் சில வாரங்களே ஆகியிருந்தன. ஜான் லெனனுடைய மெலட்ரான் பெட்டி ஒரு மூலையில் அப்படியே கிடந்தது. மெலட்ரான் ஒரு விசித்திரம். பார்க்கப் பெரிய ஆர்மோனியம் மாதிரி இருக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு டேப் நாடா. கட்டையை அழுத்தினால் ஏற்கெனவே பதிந்து வைத்த வயலினோ புல்லாங்குழலோ எட்டு விநாடி ஒலிக்கும், பிறகு நாடா தீர்ந்துவிடும். நிஜமான வயலின்காரர்களுக்குக் கொடுக்க இவர்களிடம் காசு ஏது? பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போன நேரத்தில் அவர் வீட்டுக் கிரைண்டரில் மாவரைப்பது போல, லெனன் பெட்டியிலேயே வாத்தியக் கோஷ்டி முழுவதையும் அரைத்து எடுத்துக்கொண்டார் ஆர்ஜென்ட்.

ஸ்டுடியோ வாடகை ஏறிக்கொண்டே போகும் என்பதால் ஒத்திகையெல்லாம் வெளியிலேயே முடித்துவிட்டு, உள்ளே வந்ததும் மளமளவென்று பதிந்தார்கள். ஏழ்மை சில சமயம் நல்ல எடிட்டர். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டுகூடத் தேவைக்கு மேல் நீளாது. 'கேர் ஆஃப் செல் 44' பியானோ துள்ளத் துள்ள ஆரம்பிக்கும், ஏதோ கோடை விடுமுறைப் பாட்டு என்று தலையாட்டிக்கொண்டிருப்பீர்கள். இரண்டாம் முறை கேட்கும்போதுதான், ஜெயிலிலிருந்து விடுதலையாகப் போகும் காதலிக்கு எழுதும் கடிதம் என்று உறைக்கும். 'எ ரோஸ் ஃபார் எமிலி' பாட்டுக்கு ஃபாக்னர் சிறுகதையின் தலைப்பு. பியானோவும் குரல்களும் தவிர வேறொன்றும் கிடையாது. பிளன்ஸ்டோன் குரலில் பாதி மூச்சு, பாதி சங்கீதம். எங்கே நின்றுவிடுமோ என்று நம்மைப் பதற வைத்தே நம்மைக் கட்டிப் போட்டுவிடுவார்.

'டைம் ஆஃப் தி சீசன்' பதியும்போது சண்டை. பாட்டை எழுதிய ஆர்ஜென்ட் கட்டுப்பாட்டு அறையிலிருந்து திருத்தம் மேல் திருத்தம் சொல்ல, பிளன்ஸ்டோன் பொறுமையிழந்து, அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து பாடேன் என்று கத்த, பாடகன் நீ, ஒழுங்காக வரும்வரை அங்கேயே நில் என்று இவர் பதிலுக்குக் கத்தியிருக்கிறார். பாட்டில் இழையும் அந்த நிதானமும் மயக்கமும் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு வரவழைத்தவை.

இதோடு போகவில்லை கிரகம். மோனோவில் கலந்து கொடுத்தாயிற்று, ஆயிரம் பவுண்டும் காலி. அப்போது கம்பெனி, ஸ்டீரியோவிலும் வேண்டுமே என்றது. ஆர்ஜென்ட்டும் ஒயிட்டும் தங்கள் பையிலிருந்து 200 பவுண்டு எடுத்துக் கொடுத்தார்கள். பாட்டு எழுதிய இவர்கள் இருவருக்குத்தான் ராயல்டி என்று ஏதோ வந்துகொண்டிருந்தது. மற்ற மூவர் பையில் காற்று. ஸ்டீரியோ செய்யும்போது ஒரு பாட்டு மட்டும் மக்கர் செய்தது. அதில் வரும் பித்தளைக் குழல்களை நேராக மோனோ கலவையிலேயே ஊதிச் சேர்த்திருந்தார்கள், இனிப் பிரிக்க வழியில்லை. 'திஸ் வில் பி அவர் இயர்', அதாவது இந்த வருஷம் நம்ம வருஷம், என்பது அந்தப் பாட்டின் பெயர். அந்த வருஷம் டிசம்பரிலேயே கோஷ்டி கலைந்தது.

அட்டை ஓவியம் வரைந்தவர் டெர்ரி குவிர்க், கிறிஸ் ஒயிட்டோடு ஒரே வீட்டில் குடியிருந்த நண்பர். பூவும் கொடியுமாக அற்புதமாக வரைந்து, 'ஒடிஸி' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒய் வர வேண்டிய இடத்தில் ஒரு ஈ போட்டுவிட்டார். கண்ணில் பட்டபோது காலம் கடந்திருந்தது. 'வாழ்த்துகள்' என்பதில் க் உண்டா இல்லையா என்று மல்லுக்கு நிற்கும் நாம் இதை மன்னிக்கலாம். ஆர்ஜென்ட் செய்ததுதான் பெரிய வேலை: அது பிழையில்லை, 'ஓட்' என்ற பாவகையை உள்ளே பொதிந்து வைத்த சிலேடை என்று அறிவித்தார். காளமேகப் புலவர் தோற்றார். சொந்தக் கோஷ்டிக்காரர்களே பல வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

1968 ஏப்ரலில் ஆல்பம் வெளிவந்தது. கோஷ்டி செத்து நாலு மாதம் கழித்துப் பிள்ளை பிறந்திருக்கிறது, யார் சீராட்டுவது? பிளன்ஸ்டோன் அதற்குள் ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். கன்னக்கோல் வைத்த வீடுகளின் கோப்புகளைப் பார்க்கும் பிரிவு.

சிபிஎஸ்ஸின் அமெரிக்கக் கம்பெனியான கொலம்பியா இந்தத் தட்டை வெளியிடுவதாகவே இல்லை. அங்கே தயாரிப்பாளராக இருந்தவர் ஆல் கூப்பர், டிலனின் 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' பாட்டில் ஆர்கன் வாசித்தவர். லண்டனுக்குப் போனபோது ஒரு கட்டு ரெக்கார்டு வாங்கி வந்து கேட்டுப் பார்த்தார். இந்த ஒன்று அவரை உலுக்கிவிட்டது. மேலிடத்துக்குப் போய், இதை வெளியிடுங்கள் என்று நச்சரித்தார். கம்பெனி மூளையைக் கசக்கி முதல் சிங்கிளாகத் தேர்ந்தெடுத்தது எதைத் தெரியுமா? முதல் உலகப் போரின் பதுங்குகுழியில் நடுங்கும் ஒரு கசாப்புக்காரனின் புலம்பலை. வியட்நாம் காலம், எடுபடும் என்று கணக்கு. அதைக் கேட்டு ஆட முடியவில்லை, யாரும் வாங்கவில்லை. கடைசியில் வேண்டாவெறுப்பாக 'டைம் ஆஃப் தி சீசன்' வந்தது. 1969 மார்ச்சில் பில்போர்டு பட்டியலில் மூன்றாம் இடம்!

பிணம் எழுந்து உட்கார்ந்துவிட்டது, ஆனால் பிணத்தின் சொந்தக்காரர்கள் யாரும் வீட்டில் இல்லை. மீண்டும் ஒன்றுசேர அழைப்பு வந்தது, ஐவரும் அசையவில்லை. ஆர்ஜென்ட் தன் பெயரிலேயே புதுக் கோஷ்டி தொடங்கிக்கொண்டிருந்தார். சரி, மேடை காலியாகத்தானே இருக்கிறது என்று மிச்சிகன் மாகாணத்து ஏஜென்சி ஒன்று கணக்குப் போட்டது. அசல் ஆட்களின் முகம் அங்கே பலருக்குப் பழக்கமில்லை, எந்த நாலு பையன்களை நிறுத்தினாலும் ஜாம்பீஸ்தான். ஒன்றுக்கு இரண்டாகப் போலி ஜாம்பீஸ் கோஷ்டிகளை ஊர் ஊராக அனுப்பினார்கள். இதே ஏஜென்சி 'ஆர்ச்சீஸ்' கோஷ்டியையும் அனுப்பி வைத்தது. ஆர்ச்சீஸ் என்பது கார்ட்டூன். படத்துக்கே டூப்ளிகேட் போட்டவர்களிடம் பிணம் எம்மாத்திரம்!

இரண்டில் ஒரு கோஷ்டி டெக்ஸாஸ்காரர்கள். ஐவர் இருக்க வேண்டிய இடத்தில் நால்வர். கீபோர்டே இல்லை. ஜாம்பீஸ் சங்கீதத்தில் கீபோர்டை எடுத்துவிடுவது நாதஸ்வரம் இல்லாமல் கெட்டிமேளம் கொட்டுவது போல. இங்கிலாந்துப் பையன்கள் என்று டிக்கெட் விற்றுவிட்டு மேடையில் கௌபாய் தொப்பியோடு வந்து நின்றார்கள்.

அந்த 1969-லேயே இன்னொரு கூத்தும் நடந்தது. பிளன்ஸ்டோன் கோப்புகளை மூடிவிட்டு மறுபடி பாட வந்தார். பாடியது அதே பழைய 'ஷீ இஸ் நாட் தேர்', ஆனால் நீல் மெக்கார்தர் என்ற புனைபெயரில். ஆக, அட்லாண்டிக்கின் இந்தப் பக்கம் அசல் பாடகர் பொய்ப் பெயரில், அந்தப் பக்கம் பொய்க் கோஷ்டி அசல் பெயரில். வேறு எவனும் வைத்துக்கொள்ள மாட்டான் என்று நம்பித் தேர்ந்தெடுத்த பெயர்!

பிறகு நடந்ததெல்லாம் வழக்கமான கதை. பால் வெல்லர் போன்ற பாடகர்கள் இதுதான் ஆல்பம் என்று மேடை போட்டுச் சொன்னார்கள். 2003-ல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் தலைசிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் 80-வது இடம். 2008-ல், நாற்பதாம் ஆண்டை ஒட்டி, லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் அரங்கில் முழு ஆல்பத்தையும் முதன்முறையாக மேடையில் வாசித்தார்கள். பிறகு ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம், 2019-ல், கதவைத் திறந்து உள்ளே விட்டது. அட்கின்சன் அதைப் பார்க்க இல்லை, 2004-லேயே காலமாகிவிட்டார்.

அந்த டெக்ஸாஸ் ஜாம்பீஸ் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். அதில் பேஸ் வாசித்தவர் டஸ்டி ஹில், டிரம்ஸ் அடித்தவர் ஃபிராங்க் பியர்ட். இருவரும் கொஞ்ச நாளில் பில்லி கிப்பன்ஸ் என்ற கிடார்காரரின் இஸட் இஸட் டாப் என்ற கோஷ்டியில் சேர்ந்தார்கள். இடுப்பு வரை தாடி வளர்த்த அந்த உலகப் புகழ் கோஷ்டியேதான். பியர்ட் என்றால் தாடி, மூவரில் தாடி வைக்காதவர் அவர்தான். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இவர்களை உள்ளே அழைத்தது 2004-ல். அசல் ஜாம்பீஸுக்குப் பதினைந்து வருஷம் முந்தி.