குடும்பப் புகைப்படங்களும் பிரமாண விசாரமும்

ஒரு குடும்பத்தில் பிறந்தவர்கள், புகுந்தவர்கள், பந்தியில் மட்டும் காணப்படுபவர்கள் ஆகியோரின் உருவங்கள் பல கைபேசிகளிலும், பழுதான மடிக்கணினியிலும், பீரோவில் மஞ்சள் பைக்குள் சுற்றிவைத்த ஹார்டு டிஸ்க்கிலும் சிதறிக் கிடக்க, அவற்றை ஒழுங்குபடுத்த உகந்த மென்பொருள் யாது என்னும் வினா, அற்பமெனத் தோன்றினும், தர்க்க சாஸ்திரிகள் வகுத்த பிரத்யக்ஷம், அனுமானம், சப்தம் என்னும் பிரமாணங்களைத் துணைக்கழையாமல் தீராதது.

ஆண்டுக்கொரு ஃபோல்டர் போதாதா என்பது பூர்வபக்ஷம். போதாது. சித்தியின் கல்யாணப் படம் ஒன்றில் பாட்டியும் உண்டு, மதுரையும் உண்டு, இன்று பேச்சுவார்த்தையற்ற சம்பந்திகளும் உண்டு, ஃபோல்டரோ ஒன்றுதான். ஒரு பொருளைப் பல முகங்களிலிருந்து நோக்கி வகைப்படுத்த வேண்டுமென்று சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1933-லேயே கோலன் பகுப்பு முறையால் காட்டிவிட்டார். அப்படத்தைப் பெண் வீட்டாரிடம் சேர்ப்பதா, பிள்ளை வீட்டாரிடம் சேர்ப்பதா என்ற சங்கடம் மாத்திரம் அவர் முன் வரவில்லை.

இனி, பிரத்யக்ஷம். கண்ணால் காண்பதனால் ஆள் நின்றது தெரியுமேயன்றி ஆண்டு தெரியாது. அதற்கென்றே 1995-ல் ஜப்பானியர் எக்ஸிஃப் என்னும் குறிப்பைப் படக்கோப்பின் உள்ளேயே அமைத்தனர். ஆயினும், பேட்டரி தீர்ந்து கடிகாரம் பின்னே போன கேமரா எந்த வைபவத்தையும் ஜனவரி முதல் தேதியிலேயே நடத்திவைக்கும். வாட்ஸ்அப்போ அக்குறிப்பைக் களைந்துவிட, ஆண்ட்ராய்டு கைபேசியில் அப்படத்துக்கு 'ஐஎம்ஜி-20190115-டபிள்யூஏ0003' என்று நாமகரணம் நடக்கிறது. அதிலுள்ளது வந்துசேர்ந்த தேதியாதலால், யாரோ ஸ்கேன் செய்தனுப்பிய தாத்தாவின் கல்யாணம், பேரனின் காதுகுத்துக்குப் பின், 2019-ஆம் வருஷத்துப் பொங்கல் பானைக்கு அருகில் நடைபெறுகிறது.

மூக்கைக் கண்டு ஆளை ஊகிக்கும் முகமறி நுட்பம் அனுமானத்தின்பாற்படும். தாயின் இளமையையும் மகளின் இன்றைய தோற்றத்தையும் ஒருவரென்று மயங்குவதும், மீசையை எடுத்த மாமாவைப் புதியவராக்குவதும் அதன் இயல்பு. சுவரிலுள்ள காலண்டர் முருகனையும் வட்டமிட்டு 'இவர் யார்?' என்று வினவும். வினவுவதில் குற்றமில்லை, அந்த வீட்டில் எடுத்த படங்களிலெல்லாம் தவறாது நிற்பவர் அவர் ஒருவரே.

எஞ்சியது சப்தம், அதாவது ஆப்த வாக்கியம். குடும்பங்களில் இது பெரும்பாலும் பெரிய அத்தையிடம் இருக்கிறது. அவள் சொல்வதை எந்த மென்பொருளில் எழுதிவைப்பது என்பதே மெய்யான பிரச்சினை. கூகுள் 2004-ல் வாங்கிய பிகாசாவில் எத்தனையோ வீட்டார் முகந்தோறும் பெயரிட்டனர். 2016-ல் அதற்கு ஆதரவு நின்றபோது, அப்பெயர்களிற் பல படத்துக்குள் ஏறாமல், ஃபோல்டரில் ஒளிந்திருந்த தனிக் கோப்பிலேயே தங்கிவிட்டன. வரம்பின்றி இலவசமாய் இடமளித்த கூகுள் போட்டோஸும் 2021 ஜூன் முதல் 15 ஜிபி என்று கோடு கிழித்தது. மென்பொருளின் ஆயுள் சித்தியின் தாம்பத்தியத்தைவிடக் குறுகியது. பழைய ஸ்டூடியோ அட்டையின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிய பெயர்கள் அட்டையோடேயே இடம்பெயர்ந்தது போல, பெயரையும் தேதியையும் படக்கோப்பினுள்ளேயே பொறிக்கவல்ல நிரலே கொள்ளத்தக்கது என்பது நமது சித்தாந்தம். இதற்கு, 2001 முதல் வளர்ந்துவரும், விலையில்லாத டிஜிகேம் பொருந்தும். பொறிக்கும் ஏற்பாடு இயங்குகிறதா என்பதை மட்டும் அதன் அமைப்புகளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நடைமுறை ஆக்ஷேபம் உண்டு. தட்டச்சு தெரிந்த மருமகனுக்குப் பெயர்கள் தெரியா; பெயர்கள் தெரிந்த அத்தைக்குத் தட்டச்சு தெரியாது. இருவரையும் ஒரே திரைக்கு முன் அமர்த்துவதே பரிகாரம். ஆனால் அவள் ஒவ்வொரு படத்திலும் முதலில் காண்பது முகத்தையன்று, கழுத்து நகையை. அது யாருடையது, யார் இரவல் வாங்கினார், ஏன் இன்னும் திருப்பித் தரவில்லை என்ற வரலாறு முடிந்த பின்னரே பெயர் வெளிப்படுமாதலின், இப்பணி முடிவுறும் காலத்தை நிர்ணயிப்பது இவ்வாராய்ச்சியின் எல்லைக்கு அப்பாற்பட்டது.