தேர்வாளர் நோட்டின் அழகு

தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானத்தில் கிரிக்கெட் தேர்வு ஒன்றைப் பார்த்தேன். தொழில்முறை ஆட்டத்துக்குத் தேறுகிற மாணவர்களைப் பொறுக்கியெடுக்க வந்திருந்த பெரியவர்களின் நேர ஒழுங்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். குற்றாலத்தில் நல்ல சீசன். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்றும் சாரலும் வந்து வந்து போயின. அப்படியும் சொன்ன நேரத்துக்குத் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் மொத்தப் பேரையும் பார்த்து முடித்துவிட்டார்கள். ஆளுக்கு ஆறு பந்து. காரில் வந்து இறங்கியவனுக்கும் ஆறு, ஆலங்குளத்தில் முதல் பஸ் பிடித்து வந்தவனுக்கும் ஆறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவர்கள் வைத்திருந்த நோட்டு இன்னும் அழகு. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பெயர், பிறந்த தேதி, கல்லூரி, பேட்டிங், பவுலிங் என்று கட்டம் பிரித்திருந்தார்கள். முத்து முத்தான கையெழுத்து. சாரல் படாமல் பிளாஸ்டிக் உறை. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருவனைப் பற்றி முதலில் எழுதியதை மாற்றும் தேவை கடைசிவரை அவர்களுக்கு வரவில்லை.

ஒரு பையன் தன் ஆறு பந்தில் இரண்டைத்தான் ஒழுங்காகத் தொட்டான். "பேட்டிங் சுமார்" என்று எழுதினார்கள். சரியான தீர்ப்புதான், நானும் அதையே எழுதியிருப்பேன். பிறகு மற்றவர்கள் ஆட, அவன் பாயிண்டில் போய் நின்றான். பவுலர் கை சுற்றும்போதே இரண்டு எட்டு உள்ளே வந்துவிடுவான். பேட் எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துக்கொண்டே உடம்பைச் சாய்ப்பான். ஈரப் புல்லில் பந்து எழும்பாது, வழுக்கிக்கொண்டு வரும். அப்படி வந்த ஒன்றை விரலைத் தரையோடு வைத்து வாங்கி, நிமிராமலே எறிந்தான். அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு ஸ்டம்ப். அது சாய்ந்தது. நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. வேலியோரம் நின்ற டீக்கடை அண்ணாச்சி, "ஏல, அவன் கையப் பாருல!" என்று கத்தினார். பெரியவர்கள் அந்த நேரம் அடுத்த பையனின் இனிஷியல் சரியா என்று கேட்டுத் திருத்தமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். எவன் பெயரிலும் பிழை வந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம்.

ஆறே பந்தில் ஒருவனை முடிவு கட்டுகிற இந்த வேகம் அமெரிக்க பேஸ்பால் தேர்வாளர்களுக்குக் கைவராதது. அங்கே ஷார்ட்ஸ்டாப் என்று ஒருவன் இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று, தரையோடு வரும் பந்தை வாங்கி எறிவான். நம் பாயிண்ட் பையனின் வேலைதான். கல்லூரியில் அப்படி ஒருவன் கண்ணில் பட்டால் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். அடி, அடியின் பலம், ஓட்டம், பிடி, எறி என்று ஐந்துக்கும் தனித்தனியாக 20 முதல் 80 வரை மதிப்பெண். 1977-ல் கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியிலிருந்து ஆஸி ஸ்மித் என்ற ஷார்ட்ஸ்டாப்பை சான் டியாகோ அணி நான்காம் சுற்றில் எடுத்தது. 19 சீசன்களில் அவர் அடித்த ஹோம் ரன் மொத்தமே 28. நம் பெரியவர்கள் அவரை ஆறு பந்தில் முடித்து அனுப்பியிருப்பார்கள். அங்கே முடிக்க முடியவில்லை. பிடிக்கும் எறிக்கும் மட்டுமே 13 தங்கக் கையுறை விருதுகள், 2002-ல் புகழ் மண்டபத்தில் இடம்.

நம்மிடம் கண் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சின்னப்பம்பட்டி நடராஜன் 2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் பந்து வீசினார், 2017-ல் ஐபிஎல் ஏலத்தில் பஞ்சாப் அணி அவரை 3 கோடிக்கு எடுத்தது. தமிழ்நாடு லீக்கின் 2023 ஏலத்தில் சாய் சுதர்சனுக்குக் கோவை அணி 21.6 லட்சம் கொடுத்தது. விக்கெட்டுக்கும் ரன்னுக்கும் விலை போடத் தெரிந்த ஊர் இது. அந்த வருஷ இறுதி ஆட்டமே திருநெல்வேலி சங்கர் நகரில் ஜூலை மாதம் நடந்தது. இங்கே சாரல் விழுகிற அதே மாதம். ஈரப் பந்தோடு வளர்ந்த கை எங்கே கிடைக்கும் என்று தேடி அலைய வேண்டியதே இல்லை.

பெரியவர்களிடம் எனக்கு ஒரே வேண்டுகோள். அந்த நோட்டில் பவுலிங்குக்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலம் காலியாகக் கிடக்கிறது. பீல்டிங் என்று எழுத ஒரு கோடு போதும். ஸ்கேல் உங்கள் கையிலேயே இருக்கிறது.