பனிமலைக்குப் பக்கத்தில் ஒரு சீட்டு

மேலைநாட்டுப் பிள்ளைகள் கல்லூரி தேடும்போது பனிச்சறுக்கு மலை எத்தனை மைல் என்று பார்ப்பார்களாம். மரக்காணத்தில் பார்ப்பது, காலேஜ் பஸ் ஈ.சி.ஆரில் நிற்குமா என்பதை. வெள்ளை மலைக்கா இங்கே பஞ்சம்? உப்பளத்து வரப்பெல்லாம் அம்பாரம்தான். சறுக்கிப் பாருங்கள்; மேஸ்திரி சொல்வதைப் பத்திரிகையில் அச்சிட முடியாது. குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்கவே உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த வகையில் பனிச்சறுக்குக்கு மரக்காணம் பரம்பரை எதிரி.

நிஜப் பனிதான் வேண்டுமென்று அடம்பிடித்தால் ஸ்ரீநகர் என்.ஐ.டி. இருக்கிறது; அங்கிருந்து குல்மார்க் சுமார் 50 கிலோமீட்டர். ஆனால், பனி கொட்டும் மாதங்களில் கல்லூரிக்கு நீண்ட குளிர்கால விடுமுறை. பையன் பெட்டியோடு ஊருக்கு வந்துவிடுவான். அப்பாவுக்குப் பரம திருப்தி: ஜனவரியில் பாத்தி மிதிக்கக் கூலியில்லாத ஆள்.