முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம்தான் ஸ்டேஷன்

கேள்வி: பைக்கில் போன அண்ணன் மீது கார் மோதிக் கால் முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரி அலைச்சலில் போலீஸில் புகார் கொடுக்கப் பத்து நாள் ஆகிவிட்டது. எஃப்.ஐ.ஆர். தாமதம் என்று நஷ்டஈடு கிடைக்காமல் போய்விடுமா?

பதில்: போகாது. கால் முறிந்தவரின் ஸ்ட்ரெச்சரை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளுவோமா, ஸ்டேஷனுக்குத் தள்ளுவோமா? இதைத்தான் 2011-இல் ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது: சிகிச்சைதான் முதல் வேலை, தாமதத்தை மட்டும் காட்டி நஷ்டஈட்டு மனுவைத் தள்ளக்கூடாது.

ஆனால், தாமதத்துக்கான காரணம் நம்பும்படி இருக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் வக்கீல் அதைத்தான் முதலில் குடைவார். அங்கே உங்களைக் காப்பாற்றப்போவது ஆஸ்பத்திரியின் ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரிஜிஸ்டர்) காப்பி. அட்மிட் ஆன அன்றே "கார் மோதியது" என்று அதில் பதிவாகியிருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பதற்றத்தில் யாராவது "வண்டியிலிருந்து விழுந்துட்டார்" என்று சொல்லியிருந்தால்தான் சிக்கல். அப்போது நேரில் பார்த்தவரின் சாட்சியம் மிக முக்கியம்.

எஃப்.ஐ.ஆரே கடைசித் தீர்ப்பு என்றும் பயப்படாதீர்கள். தவறு அண்ணன் மீது என்று அதில் எழுதியிருந்தாலும், நஷ்டஈட்டு மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் சாட்சிகளையும் ஸ்கெட்சையும் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு செய்யும். கிரிமினல் வழக்கு அளவுக்குக் கறாரான நிரூபணம் அங்கே தேவையில்லை.

புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்; அதை வாங்கி வண்டி நம்பரைச் சரிபாருங்கள். மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள்.