ஆம்லெட்டுக்கு எத்தனை முட்டை?

1793 ஜூலை, பிரெஞ்சுப் புரட்சி உச்சத்தில் இருந்த நேரம். பாரிஸில் ஒரு மனிதர் லாக்டவுனுக்குள் போனார். கிருமிக்குப் பயந்து அல்ல, கில்லட்டினுக்குப் பயந்து. நாம் 2020-ல் வீட்டுக்குள் அடைபட்டு டால்கோனா காபி அடித்தோம் அல்லவா? மார்க்கி த கோந்தோர்சே, மதாம் வெர்னே என்ற அம்மாளின் வீட்டில் எட்டு மாதத்துக்கு மேல் பதுங்கிக்கொண்டு எழுதியது, மனித இனம் நிற்காமல் முன்னேறும் கதை! தெருவில் தலைகள் உருள, இவர் மேஜையில் மனிதகுலம் ஜம்மென்று மேலே போய்க்கொண்டிருந்தது.

இதில் வேடிக்கை, அந்தக் கில்லட்டினே ஒரு முன்னேற்றம்தான். பழைய ஆட்சியில் பிரபுவுக்கு வாள், ஏழைக்குத் தூக்குக் கயிறு. சாவில்கூடப் பாகுபாடு! டாக்டர் கில்லட்டின் எழுந்து, எல்லோருக்கும் ஒரே மெஷின், வலியே தெரியாது என்றார். சமத்துவம் வந்தது, நேராகக் கழுத்துக்கு.

நம்மாள் கணிதப் புலி. ஓட்டுப் போடும் ஒவ்வொருவரும் தப்பைவிடச் சரியாக முடிவெடுக்கும் வாய்ப்புச் சற்றே அதிகம் இருந்தால் போதும், ஆள் கூடக்கூடப் பெரும்பான்மையின் தீர்ப்பு சரியாகிக்கொண்டே போகும் என்று 1785-லேயே கணக்குப் போட்டுக் காட்டியவர். எட்டு வருஷம் கழித்துப் புரட்சி சபையின் ஒரு பெரும்பான்மை இவரையே பிடிக்க வாரன்ட் போட்டது. கணக்கில் ஒரு கண்டிஷன் இருந்ததே, கவனித்தீர்களா?

அப்படி என்ன குற்றம்? புதிய அரசியல் சட்டத்துக்கு இவர் ஒரு டிராஃப்ட் கொடுத்தார். எதிர்க் கோஷ்டி அதை ஓரமாக வைத்துவிட்டுத் தானே ஒன்றை எழுதி நிறைவேற்றியது. ஐயா சும்மா இருந்திருக்கலாம். ரோஷம் விடுமா? அதைக் கிழித்துத் தொங்கவிட்டு ஒரு பிரசுரம் எழுதினார். டிராஃப்ட்டை ரிஜெக்ட் செய்தால் எந்த எழுத்தாளன்தான் பொறுப்பான்? அதற்காகத் தலையைக் கேட்டதுதான் கொஞ்சம் ஓவர்.

பதுங்கிய இடத்திலும் முதலில், தான் குற்றமற்றவன் என்ற சுயவிளக்கம்தான் எழுதத் தொடங்கினார். மனைவி சோஃபிதான் அந்தப் புலம்பலை மூட்டை கட்டச் சொல்லி, உருப்படியான வேலைக்குத் திருப்பிவிட்டார். அவரும் சும்மா இல்லை. பிழைப்புக்கு முக ஓவியம் வரைந்தார், செந்த்-ஓனோரே தெருவில் உள்ளாடைக் கடை வைத்தார். குடும்பத் தலைவர் வருங்காலத்தில் சஞ்சரிக்க, அடுப்பு எரிந்தது லேடீஸ் இன்னர்வேரில்!

புத்தகத்தில் வரலாறு மொத்தம் பத்து யுகம். ஒன்பது முடிந்துவிட்டது, பத்தாவது இனி வருவது. அதில் ஆணும் பெண்ணும் சமம், அடிமை முறை கிடையாது, ஆயுள் நீண்டுகொண்டே போகும். சிரிக்காதீர்கள். 1794 பிப்ரவரியில் காலனிகளில் அடிமை முறையை ஒழித்துத் தீர்மானமே வந்தது. போட்டது யார்? இவர் தலையைக் கேட்ட அதே சபை! கைதட்டுவதா, ஓடுவதா? (1802-ல் நெப்போலியன் இதை ரிவர்ஸ் கியரில் போட்டது தனிக் கதை.)

மார்ச்சில் ஓடத்தான் வேண்டியிருந்தது. அடைக்கலம் தந்த அம்மாளுக்கு ஆபத்து என்று நழுவி, பழைய சிநேகிதர் வீட்டுக் கதவைத் தட்டினால், அங்கே தங்க இடமில்லை. பத்து யுகத்திலும் இதற்கு மருந்து கிடையாது போலும். பசியோடு கிளாமாரில் ஒரு சத்திரத்தில் ஆம்லெட் கேட்டாராம். எத்தனை முட்டை? பிரபு வீட்டுப் பிள்ளைக்குச் சமையலறை எந்தத் திசை என்று தெரிந்தால்தானே! "ஒரு டஜன்" என்றாராம். தொழில்? "தச்சன்." பூப்போன்ற கையையும் பன்னிரண்டு முட்டையையும் கூட்டிப் பார்க்க அங்கே கணித மேதை தேவைப்படவில்லை.

முட்டை பின்னால் யாரோ தூவிய மசாலாவாக இருக்கலாம். கைதானது நிஜம். இரண்டே நாளில் சிறை அறையில் இறந்து கிடந்தார். ஊர் பூர்-லா-ரேன். பெயரில் ராணி இருப்பது பிடிக்காமல் புரட்சிக்காரர்கள் அதற்குச் சமத்துவத்தின் பெயரைச் சூட்டியிருந்தார்கள்.

மறுவருஷம் அதே சபை அரசுப் பணத்தில் அவர் புத்தகத்தின் 3,000 பிரதிக்கு ஏற்பாடு செய்தது. எழுத்தாளன் போன பிறகு லைப்ரரி ஆர்டர் வருவது பாரிஸிலும் உண்டு போல.

1989-ல் பிரான்ஸ் அவரைத் தேசத் தலைவர்கள் துயிலும் பாந்தியோனுக்குச் சகல மரியாதையோடு கொண்டுபோனது. பெட்டி காலி. உடலைப் புதைத்த இடமே தொலைந்துபோயிருந்தது. பெண்களுக்குச் சம உரிமை என்று எழுதியவருக்கு ஆள் இல்லாமலே இடம் கிடைத்துவிட்டது. அதை எழுத வைத்த சோஃபி? பெர் லஷேஸ் கல்லறையிலேயே இருக்கிறார், முழு உடலோடு.