தீ வைக்க எத்தனை சொல்!

கேள்வி: லைட், கிண்டில், இக்னைட், டார்ச்... ஆங்கிலத்தில் தீ வைக்க ஏன் இத்தனை வினைச்சொற்கள்? எதை எங்கே போடுவது?

பதில்: மெழுகுவத்திக்கு லைட். சுள்ளி அடுக்கி, ஊதி ஊதி மூட்டினால் கிண்டில். வைக்கிங்குகள் பேசிய பழைய நார்ஸ் மொழி தந்த சொல் இது. புத்தகம் படிக்கும் கருவிக்கு 2007-ல் அமேசான் இந்தப் பெயரை வைத்தது துணிச்சல்தான்! இன்ஜினுக்குள் பெட்ரோலைப் பற்றவைப்பது இக்னைட். இதன் தாய்ச்சொல்லான லத்தீன் 'இக்னிஸ்', சம்ஸ்கிருத அக்னிக்குப் பங்காளி. வேண்டுமென்றே கொளுத்துவது டார்ச். பின்னாலேயே போலீஸ் வரும். ஃபயர்தான் வில்லங்கம்: பானையை ஃபயர் செய்தால் சூளையில் வேகும், குமாஸ்தாவை ஃபயர் செய்தால் அவர் வேலை போகும். இன்ஃப்ளேமபிள், ஃப்ளேமபிள் இரண்டுக்குமே எளிதில் தீப்பற்றும் என்றே பொருள். 'இன்' இருக்கிறதே, பற்றாது என்று நம்பி டேங்கர் லாரி பக்கத்தில் பீடி பற்றவைத்துவிடாதீர்கள்!