தழும்பு வரை தகவல்

கேள்வி: அமெரிக்காவில் ஒருவர் சிறையில் இருக்கிறாரா என்பதை யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே பார்க்கலாமாமே? (தேனி வாசகர்)

பதில்: பார்க்கலாம். ஆனால் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி அள்ளிக் கொடுப்பதில்லை. ஃபுளோரிடா இந்த விஷயத்தில் கர்ணன். 1909-லேயே பொதுப் பதிவுகளுக்குச் சட்டம் போட்ட மாநிலம். சிறைத்துறை இணையதளத்தில் பெயரைத் தட்டினால் புகைப்படம், குற்றம், தண்டனைக் காலம், எந்தச் சிறை, விடுதலைத் தேதி எல்லாம் வந்து நிற்கும். எங்கே தழும்பு, எந்தக் கையில் என்ன பச்சை குத்தியிருக்கிறார் என்பதுகூட! பழைய காதலியின் பெயரைக் குத்திக்கொண்டவர் பாடு திண்டாட்டம்தான். கட்டணம் கிடையாது, 'உனக்கெதற்கு?' என்ற கேள்வியும் கிடையாது.

நேற்று ராத்திரி பிடிபட்டவரை அங்கே தேடாதீர்கள். அவர் கவுண்டி ஜெயிலில் இருப்பார். அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஷெரிஃப் கையில். மத்திய அரசு வழக்கென்றால் அதற்குத் தனித் தேடல், 1982 முதல் உள்ளவர்கள் அதில் கிடைப்பார்கள்.

இதிலும் சிலர் கடை விரித்தார்கள். கைதானவர்களின் படங்களை அள்ளி வந்து இணையத்தில் போடுவது, 'எடுக்கணுமா? பணம் கொடு' என்பது. வழக்கில் விடுதலையானவரும் கப்பம் கட்ட வேண்டியிருந்தது. அப்படிக் காசு கேட்பதற்கு 2018 முதல் ஃபுளோரிடாவில் தடை.

அமெரிக்க மாப்பிள்ளையை விசாரிக்கத்தான் கேட்கிறீர்கள் என்றால், பிறந்த தேதியையும் ஒத்துப் பாருங்கள். வெறும் ஸ்மித் என்று தேடினால் ஊர்வலமே வரும்!